கீலுக்கும் கொஞ்சம் இடம்

ராஜஸ்தானின் வடக்கே, தார் பாலைவனத்தின் விளிம்பில் இருக்கும் சூரு நகரத்தில் மே மாதப் பிற்பகலில் இரும்புக் கேட்டை வெறுங்கையால் தொடுகிறவர்கள் குறைவு. கையில் துண்டைச் சுற்றிக்கொள்வார்கள். இல்லையென்றால் செருப்புக் காலால் தள்ளுவார்கள். 2019 ஜூன் 1 அன்று அங்கே பதிவான வெப்பம் 50.8 டிகிரி செல்சியஸ். 2024 மே 28 அன்று 50.5. இது நிழலில் வைத்த வெப்பமானியின் கணக்கு. வெயிலில் நிற்கும் கறுப்புப் பெயின்ட் அடித்த இரும்பு 65 டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும். அதே ஊரில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் சில இரவுகள் பூஜ்யத்துக்கும் கீழே இறங்குகின்றன.

ஒரே கேட் இந்த இரண்டு பருவத்தையும் தாங்க வேண்டும். கோடைப் பிற்பகலில் இரு கதவுகளும் நடுவில் முட்டிக்கொள்ளும். குளிர்காலக் காலையில் கொண்டி அதன் வளையத்தில் பொருந்தாது. கதவைத் தூக்கிப் பிடித்துத்தான் தாழ் போட வேண்டும். காரணம் கேட்டால் கிடைக்கும் பதில் எங்கும் ஒன்றுதான்: வெயிலில் கீல் வீங்கிவிட்டது. அடுத்து, இன்னும் பெரிய கீல் ஒன்றை வாங்கி வெல்டிங் வைப்பார்கள். அடுத்த கோடையிலும் கேட் முட்டும்.

வேலை நிமித்தம் தில்லி, ஜெய்ப்பூர், சண்டிகர், ஜம்மு என்று போய் அங்கேயே வீடு கட்டிக்கொண்ட தமிழர்களுக்கு இது புதிய தொல்லை. கடலோர ஊரில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்த எதிரி உப்புக் காற்று. அது கீலைத் துருப்பிடிக்க வைக்கும். இடம் பெயர வைக்காது. வட இந்தியாவில் இரும்பு ஆண்டுக்கு ஒருமுறை நீண்டு சுருங்குகிறது. கடையில் போய் ‘கப்ஜா’ கேட்பதற்கு முன் எது, எவ்வளவு நீள்கிறது என்று தெரிந்துகொள்வது பணத்தை மிச்சப்படுத்தும். சில சமயம் உயிரையும்.

வீங்குவது கீல் அல்ல

ஒரு மீட்டர் நீளமுள்ள சாதாரண எஃகு, வெப்பம் ஒரு டிகிரி கூடினால் 0.012 மில்லிமீட்டர் நீளும். கீலின் முளை 25 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து டிகிரிக் குளிரிலிருந்து 65 டிகிரிச் சூட்டுக்குப் போகும்போது அது தடிப்பது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. அதைச் சுற்றியிருக்கும் குழாயும் அதே அளவு விரிகிறது. ஆகவே வெயிலில் முளை இறுகி மாட்டிக்கொள்கிறது என்பது சரியல்ல. உள்ளே பித்தளை புஷ் போட்டாலும் கணக்கு பெரிதாக மாறாது. பித்தளை எஃகைவிட ஒன்றரை மடங்கு அதிகம் விரியக்கூடியது. ஆனால் அவ்வளவு சிறிய பொருளில் அந்த வித்தியாசம் மயிரிழைக்கும் குறைவு.

நீள்வது கதவு. ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் அகலமுள்ள இரு கதவுகள், மொத்தம் நான்கு மீட்டர் இரும்பு, அதே 60 டிகிரி ஏற்றத்தில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். தூண்கள் நின்ற இடத்தில் நிற்கின்றன. டிசம்பரில் கேட் மாட்டும் பட்டறைக்காரர் அழகாக இருக்கட்டும் என்று நடுவில் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருந்தால், ஜூனில் அந்த இடைவெளி இருக்காது. நடுவில் 10 மில்லிமீட்டர் விட்டு, அதை மறைக்க ஒரு கதவில் பட்டை வைப்பதே முறை. தரையில் இறங்கும் தாழுக்கான துளையும் வட்டமாக இல்லாமல் சற்று நீளவாட்டில் இருக்க வேண்டும்.

இன்னொரு நீட்சி செங்குத்தாக நடக்கிறது. கேட்டின் கோளாறு பெரும்பாலும் அதில்தான் தொடங்குகிறது. மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடையே 1.2 மீட்டர் இருந்தால், கோடையில் கதவின் அந்தப் பகுதி முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் நீளும். செங்கல் தூண் இரும்பைவிடக் குறைவாக விரியும். அவ்வளவு சூடும் ஆவதில்லை. இரண்டுக்கும் அரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். இரண்டு கீலும் எடை தாங்குகிற மாதிரி பொருத்தியிருந்தால், கோடையில் மேல் கீல் தன் இருக்கையை விட்டு எழும்பி, முழு எடையும் கீழ்க் கீலில் இறங்கும். குளிரில் கதவு சுருங்கும்போது கீழ்க் கீல் எழும்பி, முழு எடையும் மேல் கீலில் தொங்கும். பெரிய கீலாகப் பார்த்து மாற்றினாலும் இந்த இடமாற்றம் நிற்காது.

மேல் கீலின் பாடு

மேல் கீலுக்கு ஏற்கெனவே வேறு சுமை இருக்கிறது. இரண்டு மீட்டர் அகலமும் 100 கிலோ எடையும் உள்ள கதவு தன் மூக்கைத் தரையை நோக்கிச் சாய்க்கப் பார்க்கும். கீல்களுக்கு இடையே 1.2 மீட்டர் இருந்தால் மேல் கீலைத் தூணிலிருந்து பிடுங்கும் இழுப்பு 83 கிலோ. தகடு அடித்த பார்வைக்காகவோ, பூ வேலைக்கு இடம் விடுவதற்காகவோ கீல்களை நெருக்கி 80 சென்டிமீட்டரில் வைத்தால் அதே இழுப்பு 125 கிலோ ஆகிவிடும். பணம் எதுவும் செலவழிக்காமல் கேட்டின் ஆயுளைக் கூட்டும் வழி இது ஒன்றுதான்: இரு கீல்களையும் எவ்வளவு விலக்கி வைக்க முடியுமோ அவ்வளவு விலக்கி வைப்பது.

நடுவில் மூன்றாவது கீல் வைத்தால் பலம் கூடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. மூன்று முளைகளும் ஒரே நேர்கோட்டில் இருந்தால்தான் கதவு சுழலும். இரண்டு புள்ளிகள் எப்போதும் ஒரு கோட்டில் இருக்கும். மூன்றாவதை அந்தக் கோட்டில் நிறுத்துவது சிரமம். வெல்டிங் சூட்டில் கொஞ்சம் இழுத்துக்கொண்டாலோ, மேற்கு வெயில் பட்டுத் தகடு ஒரு பக்கம் வளைந்தாலோ நடுக் கீல் கதவை இறுக்கிப் பிடிக்கும். வீட்டு கேட்டுக்கு, சரியாக வைத்த இரண்டு கீல்களே போதும்.

ஹவேலியின் விடை

இந்தக் கேள்விக்கு விடை சூரு நகரத்திலேயே இருக்கிறது. ஷெகாவட்டி வட்டாரத்து வணிகர்கள் கட்டிய ஹவேலிகள் அங்கே நிறைய. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதவு ஜன்னல்கள் கொண்டது என்று சொல்லப்படும் சுராணா ஹவேலி அவற்றில் ஒன்று. இந்தப் பகுதியின் பழைய வாசல் கதவுகள் பலவற்றில் கீலே கிடையாது. கதவுப் பலகையின் ஓரத்தில் மேலும் கீழும் துருத்திக்கொண்டிருக்கும் முளைகளில் கதவு சுழல்கிறது. கீழ் முளை கல்லில் தோண்டிய குழியில் உட்கார்ந்து எடை முழுவதையும் தாங்கும். மேல் முளை நிலையில் உள்ள வளையத்துக்குள் சற்றுத் தளர்வாக நிற்கும். அதன் வேலை கதவைச் சாயாமல் பிடிப்பது மட்டும்.

இந்த முளைக்கு இந்தியில் ‘சூல்’ என்று பெயர். ஆட்டம் கண்டுவிட்ட எதையும் ‘சூலே அசைந்துவிட்டது’ என்று இந்திக்காரர்கள் சொல்வது இதிலிருந்து வந்ததுதான். தமிழில் இதற்குப் பெயர் குடுமி. கோயில் கோபுர வாசலின் பெரிய கதவுகள் இன்றும் குடுமியில்தான் சுழல்கின்றன. வெயிலில் காய்ந்து மரம் சுருங்கினாலும், மழையில் ஊதினாலும், மேல் குடுமி தன் வளையத்துக்குள் ஏறி இறங்கிக்கொள்ளும். எடை இடம் மாறுவதில்லை.

இரும்புக் கேட்டுக்கும் இதே ஏற்பாடு போதும். கீழே எடை தாங்கும் குடுமி. மேலே, ஏறி இறங்க 5 மில்லிமீட்டர் இடம் விட்ட கீல்.

கடையில் பார்க்க வேண்டியவை

வீட்டுக் கதவுக்கான தகட்டுக் கீல் வேறு. கேட்டுக்கு வேண்டியது முளையும் குழாயும் கொண்ட கனத்த கீல். மேல் கீலில் மரை போட்ட தண்டும் நட்டும் இருப்பதாகப் பார்த்து வாங்கினால், பின்னால் கதவு தொங்கும்போது ஸ்பேனரால் நட்டைத் திருகி நிமிர்த்திக்கொள்ளலாம். நேரடியாக வெல்டிங் வைத்த கீலை நிமிர்த்த வேண்டுமென்றால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். முளை தேய்ந்தால் சேதம் பெருகி வெளியே தெரியும்: மேலே ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால், இரண்டு மீட்டர் அகலக் கதவின் மூக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் இறங்கும்.

வார்ப்பிரும்புக் கீல் பார்வைக்குக் கனமாக இருக்கும்; கார் இடித்தால் வளையாது, உடைந்துவிடும். வளையும் எஃகே நல்லது. துத்தநாகப் பூச்சிலும் இரண்டு வகை உண்டு. பளபளவென்று இருக்கும் மின்முலாம் மிக மெல்லியது. உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது மங்கலாக, சற்றுச் சொரசொரப்பாக இருக்கும்; பல மடங்கு தடிமன். வெளியே நிற்கும் கேட்டுக்கு அந்த மங்கலான சரக்கே ஏற்றது. நைலான் புஷ் போட்ட கீல் சத்தமில்லாமல் சுழலும். ஆனால் பாலைவன வெயிலில் சில ஆண்டுகளில் நொறுங்கத் தொடங்கும்.

பால் பேரிங் வைத்த கீழ்க் குடுமி பெரிய கேட்டுக்கு வசதி. ஆனால் புழுதிக் காற்று வீசும் ஊரில் திறந்த பேரிங் வைப்பது மணலுக்குக் கதவைத் திறந்து வைப்பதுதான். இருபுறமும் மூடிய பேரிங் வேண்டும். கிடைக்காவிட்டால் குழிக்குள் ஒற்றை எஃகுக் குண்டு போட்டு அதன்மேல் முளையை நிறுத்தும் பழைய முறையே மேல். கிரீஸை அள்ளி அப்புவதும் தவறு. மணலும் கிரீஸும் சேர்ந்தால் சாணைப் பசைதான். கொஞ்சமாகத் தடவி, வழிவதைத் துடைத்துவிட வேண்டும்.

லடாக்குக்குப் போனால் இந்தப் பட்டியலில் சில மாறும். லே நகரத்திலும் அதைவிடக் குளிரான திராஸிலும் குளிர்காலத்தில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரை போவது உண்டு. அங்கே கீலை இறுக்குவது பனி. மேல் நோக்கித் திறந்த குழிக்குள் பகலில் உருகிய நீர் தேங்கி, இரவில் உறையும். உறையும்போது நீர் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். குழியின் அடியில் நீர் வடிய ஒரு துளை இருந்தால் இந்தப் பிரச்சினை பாதி தீர்ந்தது. சாதாரண கிரீஸ் அந்தக் குளிரில் மெழுகுபோல் கெட்டியாகிவிடும். தாழ்ந்த வெப்பத்துக்கென்று விற்கும் கிரீஸ் தேவை. ஈர மண் உறைந்து மேலே எழும்பும் இடங்களில் கம்பத்தின் அடித்தளம் உறையும் ஆழத்துக்கும் கீழே போக வேண்டும். இல்லாவிட்டால் நல்ல கீலும் கம்பத்தோடு சேர்ந்து சாயும்.

ஊஞ்சலாடும் குழந்தை

இவ்வளவு கணக்கும் ஒரு கேட் சுகமாக மூடுவதற்காக மட்டும் இல்லை. கேட் விழுந்து குழந்தை இறந்தது என்ற செய்தி நாட்டின் ஏதாவதொரு மூலையிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறது. பள்ளிக்கூட வாசல், அடுக்குமாடிக் குடியிருப்பு, கிடங்கு. அங்கே விளையாடுகிறவை பெரும்பாலும் காவலாளியின் பிள்ளைகள், அல்லது கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். கேட்டின் கம்பியில் ஏறி நின்று ஊஞ்சலாடாத பிள்ளை உண்டா?

மேலே சொன்ன கதவின் மூக்கில் 30 கிலோ எடையுள்ள பத்து வயதுப் பிள்ளை ஏறி நின்றால், மேல் கீலின் இழுப்பு 83 கிலோவிலிருந்து 133 ஆகும். நெருக்கி வைத்த கீல்களானால் 125 கிலோ 200 ஆகிவிடும். அந்தக் கீல் ஒவ்வொரு குளிர்காலத்திலும் கதவின் முழு எடையையும் சேர்த்துத் தாங்கி, ஒவ்வொரு கோடையிலும் விடுபட்டு, தூணுக்குள் இருக்கும் பிடிப்பைச் சிறிது சிறிதாகத் தளர்த்திக்கொண்டு வந்திருந்தால், விரிசல் வெளியே தெரிவதற்குள் காலம் கடந்துவிடும்.

ஆகவே மேல் கீலின் பிடிப்பைச் சுண்ணாம்புப் பூச்சிலோ ஒற்றைச் செங்கல்லிலோ விடக் கூடாது. தூணை ஊடுருவி மறுபுறம் வரும் போல்ட், அங்கே ஒரு தகடு, அதன்மேல் நட்டு. மேல் முளையின் தலையில், விட்ட இடைவெளிக்கு மேலே, கதவு எழும்பிக் கழன்றுவிடாமல் இன்னொரு நட்டோ குறுக்கு ஊசியோ. கதவு அளவுக்கு மீறித் திறந்து கீலை முறுக்காமல் தரையில் ஒரு தடைக் கல். கேட்டின் மொத்தச் செலவில் இவை ஒரு சிறு பங்கு. ஆனால் ஒப்பந்தக்காரர் முதலில் குறைப்பதும் இவற்றைத்தான். பெயின்ட் அடித்த பிறகு இவை கண்ணில் படுவதில்லை.

வடக்கே பருவம் மாறுவது ஹோலிக்குப் பிறகும் தீபாவளிக்குப் பிறகும். அந்த இரண்டு சமயத்திலும் ஐந்து நிமிடம் செலவழித்தால் போதும். கதவைப் பாதி திறந்து விட்டால் தானாக நகரக் கூடாது. மூக்கை இரு கையாலும் மேலே தூக்கினால் மேல் கீல் லேசாக ஏற வேண்டும். தூண் அசையக் கூடாது. கீலைச் சுற்றித் தூணில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால், பட்டறைக்காரர் வந்து பார்த்துச் சரிசெய்யும் வரை கேட்டைக் கயிற்றால் தூணோடு கட்டிவைத்து, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் இருக்க வேண்டும்.