இணையவழி மதரஸா: எந்தச் செயலி நம் பிள்ளைகளுக்கு உகந்தது?





புதுச்சேரியில் மாலை மதரஸா நடத்தும் எங்களிடம் ஒரு கோரிக்கை தொடர்ந்து வருகின்றது. பிரான்சில் குடியேறிய நம் ஊர்க் குடும்பத்தார், தம் பிள்ளைகளுக்கு இணையவழியில் குர்ஆன் ஓதக் கற்றுத்தருமாறு கேட்கின்றனர். 1962ஆம் ஆண்டு இவ்வூர் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்தோரின் பேரப்பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். இங்கே இஷா தொழுகைக்குப் பின் இரவு எட்டரை மணி என்றால், பாரிஸில் குளிர்காலத்தில் மாலை நான்கு, கோடைக்காலத்தில் ஐந்து. நேரம் பொருந்துகின்றது, ஆசிரியர்களும் ஆயத்தமாக உள்ளனர். எந்தச் செயலி வழியாக நடத்துவது என்பதில்தான் எங்கள் நிர்வாகக் கூட்டத்தில் கருத்து வேறுபாடு எழுந்தது.

"எல்லோர் கைப்பேசியிலும் இருப்பது எதுவோ, அதுவே போதும்" என்றார் ஒருவர். "காசு கேட்காதது எதுவோ, அது" என்றார் மற்றொருவர். இரண்டும் நியாயமான பேச்சுகளே. ஆயினும் என் கருத்து வேறு. குர்ஆன் கற்பிக்கும் செயலியை முதலில் செவியைக் கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து, பிள்ளையின் வீட்டு மானத்தைக் கருத வேண்டும். விலையும் வசதியும் அவற்றிற்குப் பின்னரே.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. தவறு செய்து கற்றுக்கொண்டேன். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியதும், எல்லோரையும் போலவே கையில் கிடைத்த ஒரு செயலியில் பாடத்தைத் தொடங்கினோம். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் ஒவ்வொரு நாளும் தவறாமல் ஓதிக்காட்டினான். நானும் சரி, சரி என்று அடுத்த பாடம் கொடுத்துக்கொண்டே சென்றேன். மதரஸா மீண்டும் திறந்து அவன் என் எதிரே அமர்ந்து ஓதிய அன்று திடுக்கிட்டேன். தொண்டையின் நடுவிலிருந்து எழ வேண்டிய ஹா, அடித்தொண்டையிலிருந்து எழுந்தது. காஃப் இரண்டும் ஒன்றாகிவிட்டிருந்தன. கல்ப் என்னும் சொல்லில் அந்த ஓர் எழுத்து மாறினால் உள்ளம் என்னும் பொருள் போய் நாய் என்னும் பொருள் வந்துவிடும் என்பதை மதரஸாவில் ஓதிய எவரும் அறிவர். ஊன்றிவிட்ட பிழையைத் திருத்த அவனுக்கு ஓராண்டுக்கு மேலாயிற்று. அதற்கு அவன் பொறுப்பல்லன். கேட்காததைக் கேட்டதாகக் கொண்ட நானே பொறுப்பாளி.

ஏன் அவ்வாறு நிகழ்ந்தது? இச்செயலிகள் யாவும் அலுவலகப் பேச்சுக்காக வடிவமைக்கப்பட்டவை. மின்விசிறியின் இரைச்சல், தெருவின் ஓசை ஆகியவற்றை அவை தாமாகவே நீக்குகின்றன. மூச்சுக்காற்றோடு வெளிப்படும் மெல்லிய எழுத்தொலிகளும் அந்த நீக்கத்தில் சில வேளைகளில் தேய்ந்துவிடுகின்றன. பேச்சின் பொருள் விளங்க அது தடையாவதில்லை. தஜ்வீதுக்கோ அதுவே பெருந்தடை. ஸீனும் ஸாவும் பிரிந்து கேட்காத இடத்தில் ஆசிரியர் எதைத் திருத்துவார்? மேலும், இருவர் ஒருசேர ஓதினால் ஒருவர் குரலை அமுக்கி மற்றவர் குரலையே செயலி முன்னிறுத்தும். ஆகவே பிள்ளைகள் கூட்டாக ஓதும் நம் பழைய முறை இணையத்தில் இயலாது.

இதற்கு மாற்று உண்டு. இரைச்சல் நீக்கத்தை நிறுத்தும் வசதி ஸூம் செயலியில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்னும் பெயரில் உள்ளது. இசை கற்பிப்போர் பயன்படுத்தும் அதே வசதி நமக்கும் உதவும். அதை ஆசிரியர் தம் கருவியில் அமைத்தால் மட்டும் போதாது. ஓதும் பிள்ளையின் கருவியில் அமைக்க வேண்டும். இரைச்சல் பெரும்பாலும் அனுப்பும் இடத்திலேயே நீக்கப்படுகின்றது என்பதே காரணம். இத்துடன், பிள்ளை ஓதியதைக் கைப்பேசியில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வதும் நல்ல வழி. இணைப்பு விட்டுவிட்டு வந்தாலும் பதிவு சிதைவதில்லை. ஐயமான இடத்தை ஆசிரியர் மீண்டும் கேட்கலாம்.

அடுத்து வீட்டு மானம். அதே ஊரடங்கில், கேமராவைத் திறக்க மறுத்த ஒரு சிறுமியை அனைவர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவர்கள் குடியிருந்தது ஒற்றை அறை என்பதும், அவளுடைய தாயார் பின்னால் சமைத்துக்கொண்டிருந்தார் என்பதும் பின்னரே தெரிந்தது. பிறர் வீட்டினுள் அனுமதி பெற்று, ஸலாம் சொல்லிய பின்னரே நுழைய வேண்டும் என்று சூரத்துந் நூர் நமக்குக் கற்றுத்தந்திருக்கின்றது. கேமரா திறப்பதும் வீட்டினுள் நுழைவதே அல்லவா? எனவே கேமரா மூடியிருப்பதையே வழக்கமாகக் கொள்ள வேண்டும். வாயசைவைக் காண வேண்டிய பாடத்திற்கு மட்டும், பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுத் திறக்கச் செய்யலாம்.

அந்நியர் வகுப்பில் புகும் ஆபத்தும் கற்பனையன்று. 2020 ஏப்ரல் 16 அன்று இந்திய உள்துறை அமைச்சகமே ஸூம் பாதுகாப்பான தளமன்று என எச்சரித்து, தனியார் அதைப் பயன்படுத்துவதானால் கடவுச்சொல், காத்திருப்பு அறை போன்றவற்றை அமைக்குமாறு அறிவுறுத்தியது. அதன் பின்னர் அச்செயலியின் பாதுகாப்பு மேம்படுத்தப்பட்டது உண்மையே. ஆயினும் அந்த அறிவுரை எந்தச் செயலிக்கும் இன்றும் பொருந்தும். வகுப்பின் இணைப்பை முகநூலில் பகிர்வது, மதரஸாவின் வாசற்கதவைத் திறந்துவைத்துவிட்டு உறங்கச் செல்வதற்கு ஒப்பாகும். வகுப்பைப் பதிவு செய்வதும் அவ்வாறே. பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் தேவை என்று 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகின்றது. சட்டம் கூறாவிடினும், பிள்ளையின் குரலும் முகமும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே.

இனி விலை. இலவசக் கணக்கில் ஸூம் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். கூகுள் மீட்டில் குழு வகுப்புக்கு ஒரு மணி நேரம். இதைப் பலர் குறையாகச் சொல்கின்றனர். ஐந்து பிள்ளைகள், ஆளுக்கு ஏழு நிமிடம் என்று வைத்தால் 35 நிமிடம் ஆகின்றது. ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே ஓதிக்காட்டும் அத்தகைய சிறு வகுப்பே நமக்குத் தேவை. ஐம்பது பிள்ளைகளை ஒரே திரையில் கூட்டுவது கணக்குக் காட்ட உதவும், ஓத உதவாது. ஒலி மட்டும் என்றால் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 30 முதல் 40 எம்பி செலவாகும். காணொளிக்கு அதைப் போல் பன்மடங்கு. ஒரே கைப்பேசியில் மூன்று பிள்ளைகள் பயிலும் வீட்டிற்கு இவ்வேறுபாடு பெரிது.

தொழில்நுட்பம் அறிந்த இளைஞர்கள் உள்ள ஜமாஅத்துகள் ஜிட்சி, பிக்ப்ளூபட்டன் ஆகிய திறந்தமூலச் செயலிகளையும் எண்ணிப் பார்க்கலாம். முன்னது 2003ஆம் ஆண்டு பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவரின் முயற்சியாகத் தொடங்கியது. பின்னது கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தலுக்கென்றே உருவானது. இவற்றை நம் சொந்தச் சர்வரில் நிறுவினால் பிள்ளைகளின் தரவு நம் பொறுப்பிலேயே இருக்கும். ஆனால் சர்வருக்கு மாத வாடகை உண்டு. பராமரிக்கப் பொறுப்பான ஆளும் வேண்டும். ஆள் இல்லாத ஜமாஅத் இதில் இறங்காதிருப்பதே நலம்.

கூட்டத்தில் நான் முன்வைத்த யோசனை எளியது. எந்தச் செயலியையும் முடிவு செய்யுமுன், ஒரு பிள்ளை தன் வீட்டிலிருந்து அல்ஃபாத்திஹா ஓத, இரண்டு உஸ்தாதுகள் இங்கிருந்து கேட்கட்டும். எழுத்துகள் பிரிந்து கேட்கின்றனவா என்று அவர்கள் சொல்லட்டும். பிறகு விலையைப் பேசுவோம்.

எத்துணைச் சிறந்த செயலியாயினும் உஸ்தாதின் முன் மண்டியிட்டு அமர்ந்து ஓதுவதற்கு ஈடாகாது. ஜிப்ரீல் (அலை) அவர்கள் ரமளான்தோறும் நபி (ஸல்) அவர்களைச் சந்தித்துக் குர்ஆனை மீளாய்வு செய்த வழிமுறை நம் முன் இருக்கின்றது. விடுமுறையில் ஊருக்கு வரும் பெற்றோர்களே, கடற்கரைக்கும் கடைவீதிக்கும் செல்லுமுன் பிள்ளையை மதரஸாவுக்கு அழைத்து வாருங்கள். திரையில் கேட்காதது நேரில் கேட்கும்.

நம் பிள்ளைகள் குர்ஆனை அதன் எழுத்துகளுக்குரிய உரிமையுடன் ஓத அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.