ஸ்கேன் பண்ணினால் போதுமா? காஞ்சிபுரம் டிசைன்களைத் திரும்ப வரைய வேண்டியது ஏன்?

ஆப்பிள் 2, கமடோர் 64 போன்ற பழைய கம்ப்யூட்டர்களின் சர்க்யூட் வரைபடங்களை, கிகேட் மாதிரி மென்பொருளில் கோடு கோடாகத் திரும்ப வரையும் ஆர்வலர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். 'அதான் பிடிஎஃப் இருக்கே, எதுக்கு இந்த வேலை?' என்று தோன்றலாம். ஸ்கேன் வெறும் படம். திரும்ப வரைந்தால், எந்த சிப்பின் எந்தக் கால் எதோடு சேர்கிறது என்ற தகவலாக அது மாறிவிடும். விட்டுப்போன இணைப்பை மென்பொருளே காட்டிக்கொடுக்கும். அதை வைத்துப் புது போர்டே தயாரிக்கலாம்.

இதே வேலை காஞ்சிபுரத்துக்கும் அவசரமாகத் தேவை.

தறிக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?

நெருங்கிய சொந்தம். 1804-ல் பிரான்சில் வந்த ஜக்கார்டு கருவி, துளை போட்ட அட்டைகளால் இயங்கியது. துளை இருந்தால் பாவு நூல் எழும், இல்லாவிட்டால் எழாது. சார்லஸ் பாபேஜ் தன் அனலிட்டிகல் எஞ்சினுக்கு இந்த யோசனையைத்தான் எடுத்துக்கொண்டார்.

காஞ்சிபுரம் கைத்தறிகளில் ஜக்கார்டு இன்றும் ஓடுகிறது. டிசைனில் ஒரு ஊடை வரிசைக்கு ஒரு அட்டை. 240 கொக்கி, 500 வரிசை என்றால் 500 அட்டைகள். கிராஃப் தாளில் 1,20,000 கட்டங்கள். அந்தத் தாள்தான் சேலையின் சர்க்யூட் வரைபடம்.

கேட் மென்பொருள் வந்துவிட்டதே?

வந்துவிட்டது, நல்லதும்கூட. சிக்கல், பழைய தாளை ஸ்கேன் செய்து அவசரமாக 'க்ளீன்' பண்ணும்போது வருகிறது.

சர்க்யூட்டில் இரண்டு கோடுகள் குறுக்கிடும் இடத்தில் ஒரு புள்ளி இருந்தால் இணைப்பு உண்டு என்று அர்த்தம். புள்ளியை விட்டால் இணைப்பே போச்சு. மயில் டிசைனின் உடம்புக்குள் தெரியும் குட்டிப் புள்ளிகளும் அப்படித்தான். பார்க்க அழுக்கு மாதிரி இருக்கும். ஆனால், நீளமாக மிதக்கும் ஜரிகையைப் பாவு நூல் பிடித்துக்கொள்ளும் இடங்கள் அவை. அழித்தால் திரையில் மயில் பளிச்சென்று இருக்கும். சேலையில் ஜரிகை தளர்ந்து வளையலில் மாட்டும்.

கட்டத்தின் அளவும் அப்படியே. அங்குலத்துக்கு எத்தனை பாவு, எத்தனை ஊடை என்ற கணக்கு மாறினால், கரையில் இருக்கும் கோபுரம் நெட்டையாகவோ குட்டையாகவோ ஆகிவிடும்.

என்ன செய்யலாம்?

மென்பொருள் தெரிந்த இளைஞரும், கையால் கிராஃப் போட்ட மூத்த டிசைனரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். புள்ளி ஏன், நூல் கணக்கு என்ன, வரைந்தது யார் என்ற குறிப்புகளும் ஃபைலிலேயே இருக்க வேண்டும். தறியில் ஒரு சாண் நெய்து பார்த்த பிறகே வேலை முடிந்ததாகக் கணக்கு. காஞ்சிபுரத்தில் நெசவாளர் சேவை மையமும் இருக்கிறது, பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களும் இருக்கின்றன. இதைத் தொடங்கப் புது அமைப்பு எதுவும் தேவையில்லை.

'ஃபைல் வெளியே போனால் பவர்லூமில் காப்பி அடிப்பாங்களே' என்ற பயம் நியாயமானது. ஆனால், காப்பி அடிக்க நினைப்பவருக்குக் கடையில் எடுத்த ஒரு போட்டோவே போதும். அசல் ஃபைல் சங்கத்தின் கையில், பெயரோடும் தேதியோடும் இருந்தால், 'இது எங்க டிசைன்' என்று காட்ட நெசவாளரிடம் ஓர் ஆதாரமாவது இருக்கும்.

2005-06-ல் கிடைத்த புவிசார் குறியீடு காஞ்சிப் பட்டு என்ற பெயரைக் காக்கிறது. டிசைனுக்குள் இருக்கும் கணக்கைக் காக்க, அதைப் போட்டவர்களிடம் இப்போதே கேட்டு வரைந்துகொள்வதுதான் வழி. அவர்களுக்கு அதற்கான கூலியும் கொடுத்துத்தான்.