பிள்ளைகளைத் தத்தெடுக்கும் ‘ரூட்டு’

2024 அக்டோபர் 4 அன்று சென்னை சென்ட்ரல் புறநகர் ரயில் நிலையத்துக்கு வெளியே மாநிலக் கல்லூரி முதலாமாண்டு மாணவர் ஒருவரை அடித்துப் போட்டார்கள். திருத்தணிப் பக்கத்துப் பிள்ளை, வயது 19. ஐந்தாம் நாள் இறந்துபோனார். கைதானவர்கள் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள். ஒரே பேருந்து, ரயில் தடத்தில் வரும் மாணவர் கூட்டத்துக்குத் தலைவன்தான் ‘ரூட்டு தல’. அந்தப் பகை வாங்கிய உயிர் அது.

திருத்தணியிலிருந்து சென்ட்ரல் வரும் ரயில் ஆவடி, அம்பத்தூர் வழியாகத்தான் ஓடுகிறது. பூந்தமல்லிப் பக்கமும் தப்பவில்லை. 2019 ஜூலையில் திருவேற்காடு தடத்து 29இ பேருந்தில் வந்த மாணவர்களை அரும்பாக்கத்தில் நடுரோட்டில் பட்டாக்கத்தியால் ஓட ஓட வெட்டினார்கள். வெட்டியவர்களும் வெட்டுப்பட்டவர்களும் ஒரே கல்லூரி, ரூட்டுதான் வேறு!

ஒவ்வொரு முறையும் கைது, பெற்றோருக்கு அழைப்பு, எழுதி வாங்குதல். அத்தோடு சரி. கத்தி கைக்கு வருவது கல்லூரியில். கோணல் தொடங்குவது எட்டாம், ஒன்பதாம் வகுப்பில். அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய தெருக்களை மாலை ஐந்து மணிக்குப் பாருங்கள். அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஓவர்டைம், அப்பா செகண்ட் ஷிப்ட், சாவி பக்கத்து வீட்டில். பெட்டிக்கடையில் கேட்டால் மறைத்துவைத்த ‘கூல் லிப்’ புகையிலை கிடைக்கிறது. பள்ளியிலோ முடி வளர்ந்திருந்தால் வெளியே நிற்க வேண்டும், இல்லையேல் பெற்றோரை அழைத்துவர வேண்டும். வந்தால் அவர்களுக்கு ஒருநாள் கூலி போச்சு. இத்தனைக்கும் நடுவில் “வாடா தம்பி” என்று தோளில் கை போடுகிறவன் ரூட்டு அண்ணன் ஒருவன்தான்.

தோளில் விழும் கை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம் எனப் பல சிக்கல்களுக்கிடையே வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் நல்லபடி ஆளானார். அவர்களைக் கைதூக்கிவிட்டவற்றில் முக்கியமானது, கைவிடாத பெரியவர் ஒருவராவது இருந்தது. பாட்டியோ ஆசிரியரோ, யாரோ ஒருவர். நாம் காலியாக விட்ட அந்த இடத்தில்தான் ‘தல’ உட்கார்ந்திருக்கிறான்.

காவலரைக் கூட்டினால் ரயில் நிலையம் அமைதியாகலாம், பையன் மாறமாட்டான். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பகுதியின் ஒவ்வோர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கும் முழுநேர மனநல ஆலோசகர் ஒருவரை அரசு நியமிக்க வேண்டும். பள்ளி மைதானங்களை இரவு எட்டு மணி வரை பயிற்சியாளரோடு திறந்துவைக்க வேண்டும். டி.சி.யைக் காட்டி மிரட்டுவதைப் பள்ளிகள் நிறுத்த வேண்டும். பெற்றோர்களே, பிள்ளையின் போக்கு மாறுகிறதென்று பட்டால் ஊர் என்ன சொல்லுமோ என்று மூடிவைக்காதீர்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை அழையுங்கள்.