'விற்ற பொருள் வாபஸ் இல்லை': யார் போட்ட சட்டம்?

கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்பாலையில் வேலை பார்க்கும் திண்டுக்கல்காரர் ஒருவர் என் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறார். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினால் கம்ப்யூட்டர் விளையாட்டு வாங்கித் தருவதாக மகனிடம் சொல்லியிருந்தார். பையன் மார்க் வாங்கிவிட்டான். சென்ற கோடை விடுமுறையில் இவர் கோவைக்கு ரயிலேறி, ஒரு கடையில் 2,400 ரூபாய் எண்ணி வைத்து, பளபளக்கும் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார்.

வீட்டில் கண்ணாடித்தாளைப் பிரித்தால் உள்ளே டிஸ்க் இல்லை. ஒரு துண்டுச் சீட்டும் அதில் நீளமான ஓர் எண்ணும் மட்டுமே இருந்தன. அந்த எண்ணைப் போட்டு இன்டர்நெட் வழியாக விளையாட்டை இறக்கிக் கொள்ள வேண்டுமாம். போட்டுப் பார்த்தார்கள். 'இந்த எண் ஏற்கெனவே உபயோகிக்கப்பட்டுவிட்டது' என்று பதில் வந்தது. பையனின் முகம் போன போக்கை நானே பார்த்தேன்.

மறுநாள் லீவு போட்டு மீண்டும் கோவைக்குப் போனார். கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சீலைப் பிரிச்சுட்டீங்களே! பிரிச்ச கேமை யாருங்க திரும்ப எடுப்பாங்க?" என்று கேட்டு, தலைக்கு மேல் மாட்டியிருந்த போர்டைக் காட்டினார். 'விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாது' என்று அதில் எழுதியிருந்தது.

"போகட்டும் தம்பி. ரெண்டாயிரத்து நானூறு ரூபாய்க்கு எத்தனை தடவை லீவு போட்டு வாளையாறு தாண்டுறது?" என்றார் என்னிடம். அந்தப் 'போகட்டும்' என்ற ஒரு சொல்லை நம்பித்தான் இத்தகைய போர்டுகள் தொங்குகின்றன என்பது என் அபிப்பிராயம்.

தேங்காய்க் கடை நியாயம்

நமது ஊர்களில் தேங்காய் வாங்குகிறோம். தட்டிப் பார்த்து, ஆட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். வீட்டில் உடைத்தால் சில சமயம் அழுகல். உடைத்த மூடியை எடுத்துப் போய்க் காட்டினால், நாணயமான கடைக்காரர் மறு பேச்சில்லாமல் வேறு காய் தருகிறார். 'உடைத்துவிட்டாயே' என்று அவர் கேட்பதில்லை. உடைக்காமல் அழுகல் தெரியாது என்பது அவருக்கும் தெரியும்.

கம்ப்யூட்டர் விளையாட்டும் இதே ஜாதிதான். பிரிக்காமல் டிஸ்க்கில் கீறல் உண்டா, எண் செல்லுமா, நம் கம்ப்யூட்டரில் ஓடுமா என்று எந்த மேதாவியாலும் சொல்ல முடியாது. பிரித்தால் மட்டுமே தெரியக்கூடிய குறையை, பிரித்த குற்றத்தைச் சொல்லித் தட்டிக் கழிப்பது என்ன நியாயம்?

வியாபாரியின் கஷ்டம்

கடைக்காரர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். டிஸ்க்கில் விளையாட்டு விற்ற காலத்தில், வாங்கிப் போய் இரவோடிரவாக நகல் எடுத்துக்கொண்டு, காலையில் 'பிடிக்கவில்லை' என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. எண் அச்சிட்டு வருவதில் இன்னொரு சிக்கல். யாராவது ஒருவர் எண்ணைப் போட்டு ஏற்றிக் கொண்டுவிட்டால், அந்தப் பெட்டி வெறும் அட்டை. அதை மறுபடி விற்கவும் முடியாது. பத்து நாள் விளையாடி முடித்துவிட்டுப் பணம் கேட்கும் வாடிக்கையாளரிடம் கடைக்காரர் கறாராக இருப்பதில் தவறில்லை.

ஆனால் மனம் மாறித் திருப்புவது வேறு. பழுதான சரக்கைத் திருப்புவது வேறு. இரண்டையும் ஒரே போர்டால் அடிப்பதுதான் கோளாறு.

ரயில்வே கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்த வித்தியாசம் அன்றாடப் பாடம். பயணி மனம் மாறி, உறுதியான டிக்கெட்டை ரத்து செய்தால், பிடித்தம் போக மீதிதான் கிடைக்கும். வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, அதனால் அவர் பயணம் செய்யாமல் விட்டால், விதிப்படி முழுப் பணமும் திரும்ப உண்டு. குறை யார் பக்கம் என்பதே கணக்கு. ரயில்வே ஒப்புக்கொண்ட இந்த நியாயம் விளையாட்டுக் கடைக்குப் பொருந்தாதா?

சட்டம் சொல்வது

பொருந்தும் என்றுதான் சட்டமும் சொல்கிறது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக முறை என்று அது கூறுகிறது. பில்லில் கெடு குறித்திருந்தால் அந்தக் கெடுவுக்குள், குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள் திரும்பப் பெற வேண்டும். பில் கொடுக்காமல் இருப்பதும் இதே பட்டியலில் சேர்ந்த குற்றமே. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்ற அறிவிப்பே சட்டத்துக்கு விரோதமானது என்று 2024-இல் கூறியிருக்கிறது.

'விளையாட்டு என்பது சரக்கா, வெறும் எண்தானே?' என்று சிலர் வாதிடலாம். ஆந்திரப் பிரதேச விற்பனை வரி வழக்கு ஒன்றில், கடையில் ஆயத்தமாக விற்கப்படும் மென்பொருள் சரக்குதான் என்று சுப்ரீம் கோர்ட் 2004-லேயே தீர்ப்பளித்துவிட்டது. வரி வாங்கும்போது சரக்கு, பணத்தைத் திருப்பித் தரும்போது காற்றா?

வெளிநாட்டு அனுபவத்தையும் பாருங்கள். கம்ப்யூட்டர் விளையாட்டுகளை இன்டர்நெட்டில் விற்கும் 'ஸ்டீம்' கடையை நடத்துவது அமெரிக்காவின் வால்வ் கம்பெனி. பணம் திருப்பித் தருவதில்லை என்ற அதன் பழைய நிபந்தனைகளை எதிர்த்து ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் 2014-இல் வழக்குப் போட்டது. 2016-இல் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. இதற்கிடையே 2015 ஜூனிலேயே, வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், காரணம் கேட்காமலே பணம் தருவதாக அந்தக் கடை அறிவித்துவிட்டது. 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' என்ற விளையாட்டு பிளேஸ்டேஷன் 4-இல் ஓடாமல் திணறியபோது, சோனி கம்பெனி தன் இன்டர்நெட் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணம் கொடுத்தது. பிரித்து விளையாடிய பின்னும் பணம் திருப்பித் தர முடியும் என்பதற்கு இவை சாட்சி. அப்படிச் செய்ததால் அந்தக் கடைகள் எதுவும் மூடப்படவில்லை.

எல்லைக்கு அப்பால் வாங்கினால்?

இதுதான் நம்மவர்களுக்கு முக்கியம். பாலக்காட்டில் இருப்பவர்கள் கோவைக்கும், மறையூர்க்காரர்கள் உடுமலைக்கும், குமுளிக்காரர்கள் கம்பத்துக்கும், பூப்பாறைக்காரர்கள் போடிக்கும் சாமான் வாங்கப் போகிறோம். தகராறு என்றால் அந்த ஊருக்குத்தான் அலைய வேண்டும் என்று பயந்து, எஸ்டேட் தொழிலாளியும் ஆலைத் தொழிலாளியும் வாயை மூடிக் கொள்கிறார்கள்.

பழைய சட்டத்தில் அந்தப் பயத்துக்கு அர்த்தம் இருந்தது. இப்போது இல்லை. புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்திலேயே மனுச் செய்யலாம் என்று புதிய சட்டம் சொல்கிறது. கோவையில் வாங்கிய சரக்குக்குப் பாலக்காட்டிலும், போடியில் வாங்கியதற்கு இடுக்கியிலும் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான சரக்குக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். அதற்கும் முன்னால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிட்டுத் தமிழிலேயே குறையைச் சொல்லலாம்.

செய்ய வேண்டியவை

வியாபாரிகளுக்கு ஒரு யோசனை. விளையாட்டுப் பெட்டியை வாடிக்கையாளர் கண் முன்னால் கடையிலேயே பிரித்து, டிஸ்க்கோ எண்ணோ சரியாக இருக்கிறதா என்று இருவரும் பார்த்து ஒப்புக்கொள்ளட்டும். பல்பு வாங்கினால் எரிய வைத்துக் காட்டித்தானே கொடுக்கிறார்கள்? அதன் பிறகு மனம் மாறி வருபவருக்கு 'முடியாது' என்று சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு. போர்டையும் திருத்தி, 'பழுதில்லாத பொருள் வாபஸ் இல்லை. பழுதானதற்குப் பணம் உண்டு' என்று எழுதட்டும். எல்லைப்புறக் கடைகளில் அது தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும்.

நாமும் கவனமாக இருக்க வேண்டும். உள்ளே டிஸ்க்கா, எண்ணா? எந்த மெஷினுக்கானது? இன்டர்நெட் இல்லாமல் ஓடுமா? இந்த மூன்றையும் பணம் கொடுக்கும் முன்பே கேட்க வேண்டும். விளையாட்டின் பெயரும் கடையின் பெயரும் போட்ட பில்லைக் கேட்டு வாங்க வேண்டும். பெட்டியைப் பிரிக்கும்போது ஒருவர் போனில் படம் பிடித்து வைத்தால் பின்னால் சாட்சியாகும்.

என் பக்கத்து வீட்டுக்காரரிடம் பில் பத்திரமாக இருக்கிறது. இரண்டு வருஷக் கெடுவும் முடியவில்லை. "ஒரு நாள் லீவுகூட வேண்டாம் அண்ணே, பாலக்காட்டிலேயே கொடுக்கலாம்" என்று சொன்னதும் சற்று யோசித்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து மனு எழுதப் போகிறோம். பணம் வருமா, வராதா என்பது பிறகு. அப்பா ஏமாந்து வந்து சும்மா இருந்துவிட்டார் என்ற எண்ணம் அந்தப் பையன் மனதில் தங்கிவிடக் கூடாது.