நின்ற வண்டிக்கு அபராதம்

பிரிட்டனில் வாழும் தமிழர்கள் ஊருக்குப் போய் ஆறு மாதமோ ஒரு வருடமோ இருந்துவிட்டுத் திரும்பும்போது, கதவுக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் தபால்களில் ஸ்வான்சியிலிருந்து வந்த உறை ஒன்றும் இருக்கக்கூடும். வாகனப் பதிவைக் கவனிக்கும் டி.வி.எல்.ஏ. அங்கிருந்துதான் இயங்குகிறது. சாலை வரி கட்டவில்லை, அபராதம் 80 பவுண்டு, 33 நாளுக்குள் கட்டினால் 40 என்று அதில் எழுதியிருக்கும். அந்த 33 நாளும் எப்போதோ கடந்திருக்கும். ‘வாசலில் சும்மா நின்ற வண்டிக்கு எதற்கு வரி?’ என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வி சட்டத்தின் முன் நிற்காது. குறை வேறிடத்தில் இருக்கிறது.

அங்கே வரிக் கடமை வண்டி ஓடுவதால் வருவதில்லை; வண்டி ஒருவர் பெயரில் பதிவாகியிருப்பதால் வருகிறது. வரி கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வண்டி பொதுச் சாலையில் இல்லை என்று ‘சோர்ன்’ அறிவிப்புக் கொடுக்க வேண்டும். 1998-இல் வந்த இந்த அறிவிப்புக்குக் கட்டணம் கிடையாது. இப்போது ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டாம். இரண்டும் செய்யாதவருக்கு 2004 முதல் பதிவேட்டைப் பார்த்தே அபராதம் போகிறது. வண்டியைச் சாலையில் யாரும் பிடித்திருக்க வேண்டியதில்லை. கார் வாங்கும்போதே ஆயுள் வரி கட்டி முடித்துவிடும் தமிழ்நாட்டுப் பழக்கத்தில் வந்தவர்களுக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 1921 முதல் கண்ணாடியில் ஒட்டிவந்த வட்ட வரிச்சீட்டை 2014 அக்டோபரில் ஒழித்தார்கள். அரசின் சாலையோரக் கணக்கெடுப்பில், வரி கட்டாத வண்டிகள் 2013-இல் 0.6 சதவீதம், 2017-இல் 1.8 சதவீதம். கண்ணுக்குத் தெரிந்த சீட்டு போன பிறகு, பதிவேட்டை விட்டால் அரசுக்கு வேறு பிடிமானம் குறைவு.

அந்தப் பதிவேடு உரிமையாளரோடு பேசும் விதத்தில்தான் கோளாறு. நினைவூட்டலும் அபராத அறிவிப்பும் வழக்கமாகப் போவது பதிவான முகவரிக்கு, தபாலில். நினைவூட்டலை மின்னஞ்சலில் பெற வழியிருந்தாலும், அதை உரிமையாளரே தேடிப்போய்க் கேட்டால்தான் உண்டு. ‘டைரக்ட் டெபிட்’ போட்டுவிட்டோம், வங்கி பார்த்துக்கொள்ளும் என்று கிளம்புபவருக்கும் ஒரு கண்ணி காத்திருக்கிறது. மூன்று வயது தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் ‘எம்.ஓ.டி.’ எனும் தகுதிச் சோதனை வேண்டும். ஆள் ஊரில் இல்லாதபோது அது காலாவதியானால், வரி தானாகப் புதுப்பிக்கப்படாது. காப்பீடும் முடிந்திருந்தால், 2011-இல் வந்த விதிப்படி அதற்குத் தனியாக 100 பவுண்டு. ஒரே ஒரு ‘சோர்ன்’ அறிவிப்பு கொடுக்காத தவறுக்கு இரண்டு அபராதம்! அதனால், நாட்டில் இல்லாத காலத்தில் தன் சொந்த இடத்தில் வண்டியை நிறுத்தியிருந்தவர், திரும்பியதும் குறிப்பிட்ட நாட்களுக்குள் சான்றோடு வந்தால், அந்தக் காலத்துக்கு முன்தேதியிட்ட ‘சோர்ன்’ அனுமதிக்கப்பட வேண்டும். இன்று அதற்கு இடமில்லை.

இணையத்தில் சில நிமிட வேலை, அதுவும் இலவசம், மறந்தது அவர் குற்றம்தானே என்பார்கள். உண்மைதான், திட்டமிட்டுப் போகிறவருக்கு அது முழுக்கப் பொருந்தும். ஆனால் தாயின் உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று இரவோடு இரவாக விமானம் ஏறுகிறவர் வண்டியின் பதிவுச் சான்றான லாக்புக்கைத் தேடி எடுத்து, அதிலுள்ள 11 இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டா போவார்? மறதிக்குத் தண்டனை இருக்கட்டும்; திருத்திக்கொள்ள ஒரு வாசலும் இருக்கட்டும் என்பதே இங்கே கேட்பது. ஏய்ப்பவர்களும் அந்த வாசலில் நுழைவார்களே என்பது இன்னும் கனமான ஆட்சேபம். நிரூபிக்கும் பொறுப்பை உரிமையாளர் மேலேயே வைக்கலாம். கடவுச்சீட்டு முத்திரையோ பயணச்சீட்டோ அவர் காட்டட்டும். வண்டி எண்ணைப் படிக்கும் சாலைக் கேமராப் பதிவுகளும் எம்.ஓ.டி. சோதனையில் குறிக்கப்படும் மைல் கணக்கும் அவர் சொல்வதைச் சோதிக்கட்டும். ஏய்ப்பவரைப் பிடிக்க உதவும் பதிவு, நேர்மையாளரை விடுவிக்கவும் உதவ வேண்டாமா? தெருவோரம் நிறுத்திவிட்டுப் போனவருக்கு இந்தச் சலுகை கூடாது. பொது இடத்தை அடைத்தவர் வரியும் கட்டத்தான் வேண்டும்.

விதி மாறும்வரை, திரும்பி வந்தவர் அபராதத்தோடு மல்லுக்கட்டுவதைவிட முதலில் வண்டியைத் தொடாமல் இருப்பது மேல். அன்றே ‘சோர்ன்’ கொடுத்து, காப்பீடு எடுத்து, எம்.ஓ.டி. சோதனைக்கு நேரம் பதிவு செய்யலாம். ‘சோர்ன்’ வண்டியைச் சாலையில் ஓட்ட அனுமதிக்கும் பயணம் முன்பதிவு செய்த அந்தச் சோதனைக்குப் போய்வருவதுதான். வழியில் கடைக்குத் திருப்பினாலும் சட்டம் காக்காது. வரியில்லாமல் தெருவில் நின்று சக்கரத்தில் பூட்டு விழுந்தால், அவிழ்க்க 100 பவுண்டு. அதோடு வரியைக் கட்டிக் காட்டும்வரை பிணைத்தொகையாக இன்னொரு 160.