ஊற்றைத் தூர் வாருங்கள்; போர்டு மட்டும் மாட்டாதீர்கள்!

"டாக்டர், மலையடிவாரத்துல பழைய சுனை ஒண்ணைத் தோண்டி எடுத்திருக்காங்களாம். அந்தத் தண்ணியைக் குடிச்சா சர்க்கரை இறங்கிடுமாமே?" மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார். சித்த வைத்தியர்தானே, ஆமாம் என்று தலையாட்டுவார் என்று நினைப்பு!

இங்கிலாந்தில் மால்வெர்ன் என்று ஒரு மலைத்தொடர். அங்குள்ள ஊற்றுகளில் புண்ணையும் கண்ணையும் கழுவினால் குணமாகும் என்று பல நூற்றாண்டுகளாக நம்பிக்கை. ஜான் வால் என்ற டாக்டர் அந்தத் தண்ணீரைச் சோதித்து 1756-ல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். என்ன இருந்தது தெரியுமா? கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை! பாறை அவ்வளவு கெட்டி, உப்புகள் அதிகம் கரைவதில்லை. தண்ணீரின் சுத்தம்தான் அதன் குணம் என்றார் வால். யோசித்துப் பாருங்கள். அழுக்குத் தண்ணீரில் கழுவிய புண்ணைச் சுத்தமான தண்ணீரில் கழுவினால் ஆறத்தானே செய்யும்?

1842-ல் வில்சன், கல்லி என்ற இரு டாக்டர்கள் அங்கே நீர் சிகிச்சை ஆரம்பித்தார்கள். ஈரத் துணி சுற்றுவது, குளிர்ந்த நீரைக் கொட்டுவது, எளிய சாப்பாடு, மலையேறி நடப்பது. பரிணாமக் கொள்கை தந்த டார்வின் 1849-ல் போய்ச் சில மாதம் தங்கி, நன்றாகத் தேறினார். அந்த நம்பிக்கையில் 1851-ல் தன் பத்து வயது மகள் ஆனியை அங்கே அனுப்பினார். குழந்தை அங்கேயே இறந்துபோனது. காசநோயாக இருக்கலாம் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அதே மலை, அதே தண்ணீர், அதே டாக்டர். அப்பா பிழைத்தார், மகள் பிழைக்கவில்லை.

பிறகு இந்தச் சிகிச்சையின் மவுசு குறைந்தது. பல ஊற்றுகள் புதர் மண்டி மறந்தே போயின. உள்ளூர் வரலாற்றில் ஈடுபாடுள்ள இருவர் அவற்றையெல்லாம் தேடித் தொகுத்து 1994-ல் புத்தகமாகப் போட்டார்கள். அதற்கப்புறம் ஊர்க்காரர்கள் சங்கம் அமைத்துப் பல ஊற்றுகளைப் பழுது பார்த்தார்கள். மே மாதம் வந்தால் ஊற்றுகளுக்குப் பூ அலங்காரம் நடக்கிறது. எனக்குப் பிடித்தது இதுதான். ஊற்றைக் காப்பாற்ற, அது சகல நோயும் தீர்க்கும் என்று புளுக வேண்டியதில்லை!

நம்ம ஊரில்தான் தூர் வாரிய மறுநாளே 'சர்வரோக நிவாரணி' போர்டு வந்துவிடுகிறது. இன்சுலினை நிறுத்திவிட்டுக் குடத்தோடு நிற்கிறவர்களை நினைத்தால் எனக்குப் பகீரென்கிறது. நம் பதார்த்த குண சிந்தாமணி ஆற்று நீர், சுனை நீர், ஊற்று நீர், கிணற்று நீர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே குணம் சொல்கிறது. எல்லா நீரும் மருந்து என்று சொல்லவில்லை. தேரையரோ நீரைக் காய்ச்சிச் சுண்டவைத்துத்தான் குடிக்கச் சொல்கிறார்.

ஆகவே உங்கள் ஊரில் சுனை கிடைத்தால் சந்தோஷமாகச் சுத்தம் செய்யுங்கள். சுற்றிலும் சிமென்ட் பூசி அடைக்க வேண்டாம், ஊறும் கண் தூர்ந்துவிடும். சுனைக்கு மேலே சரிவில் கழிப்பறை, மாட்டுத் தொழுவம், உரம் போட்ட தோட்டம் இருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள். மேலே கொட்டுவது கீழே குடிக்கிற தண்ணீரில்தான் வந்து சேரும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தவர்கள் ஃபுளோரைடையும் பார்க்கச் சொல்லுங்கள். அது கூடினால் குழந்தைகளின் பல்லில் கறை படியும், நாளடைவில் எலும்பும் கெடும். காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. காலில் புண் உள்ள சர்க்கரை நோயாளிகள், எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும், சுனையில் கால் வைக்கவே வேண்டாம்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடங்களில் கட்டணம் கட்டினால் தண்ணீரைச் சோதித்துத் தருவார்கள். கிருமிச் சோதனைக்கு வீட்டு பாட்டில் ஆகாது. கிருமி நீக்கிய பாட்டிலை அங்கேயே கேட்டு வாங்குங்கள். நீர் பிடித்ததும் ஐஸ் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் இன்னொரு தடவை சோதியுங்கள்.