ஐம்பத்து மூன்று மணி
அக்டோபர் வந்தால் செபமாலை மாதம். எலவனாசூர்கோட்டையை அடுத்த எறையூரில் கோயிலே செபமாலை அன்னை பெயரில்தான். ஆனால் செபமாலை சொல்லச் சாமியாரும் வேண்டாம், பீடமும் வேண்டாம். திரு இருதய ஆண்டவர் படம், ஒரு மெழுகுவர்த்தி, ஒரு பாய் போதும். ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் செபத்தின் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியை முடிக்க, செபமாலையின் 53 மணியும் உருண்டுவிடும். குக்கர் விசில் அடித்தாலும் பாட்டிகள் வேகத்தைக் குறைப்பதில்லை. 2002-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் செபமாலையில் தியானிக்க வியாழனுக்கு ஒளியின் மறைபொருள்களைச் சேர்த்தார். அதுவரை அன்றைக்கு மகிழ்ச்சி மறைபொருள்களையே சொல்லிப் பழகிய நாக்கு லேசில் மாறுமா? இதே எறையூரில்தான் தலித் கிறித்தவர்கள் தங்களுக்கெனத் தனிப் பங்குக் கோயில் கேட்ட விவகாரம் முற்றி, 2008 மார்ச்சில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். சவ ஊர்வலம் எந்த வழியாகப் போவது என்பது வரை தகராறு. இரண்டு தரப்புக் கிறித்தவர்களின் வீடுகளிலும் மணிகள் அதே 53, கூப்பிடுவது அதே தாயை. குடும்பமாகச் செபியுங்கள் என்று பிரசங்கத்தில் சொல்பவர்கள், பக்கத்துத் தெருக் குடும்பத்தையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சேர்த்துச் சொன்னால் என்ன? அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டங்களில் செபமாலை வீடு வீடாகச் சுற்றத்தானே செய்கிறது, தெருவையும் தாண்டட்டுமே.